நன்றிப் பூசைக்குப் பின் உருண்டையான குமிழி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சங்கடப்பட வேண்டாம்: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாளாக இருந்திருந்தால் திண்டுக்கல்லிலேயே நிம்மதியாக இருந்திருப்பேன். படித்த முட்டாள் என்பதால் ஜெர்மனி வரைக்கும் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

ஊர் திரும்புவதற்குக் கெடு சொல்கிற ஆண்கள் கிறிஸ்துமஸ், கோடை விடுமுறை, மைத்துனிக்குக் கல்யாணம் என்று காலண்டரில் குறிக்கக்கூடிய ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். நான் ஒரு குமிழியைச் சொன்னேன். சொன்ன இடம் விமான நிலையம். என் மனைவி ஸ்டெல்லாவும் ஐந்து வயது மகள் ஜெனியும் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். சம்பளமில்லாத விடுப்பில் என்னோடு வந்து இருந்தாள். விடுப்பு தீர்ந்துவிட்டது. வந்து சேரு, இல்லை வேலையை விடு என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. சேர்ந்துவிடுகிறேன் என்று அவள் கிளம்பிவிட்டாள். என் ஒப்பந்தம் முடியவில்லை. அதைவிட முக்கியமாக, என் குமிழி முடியவில்லை.

"இந்தக் குமிழி மட்டும் நீளமா நின்னுருச்சுன்னா, மூட்டையக் கட்டிட்டு அங்கிட்டே வந்துருவேன் ஸ்டெல்லா. அப்பறம் ஜெர்மனியாவது ஒண்ணாவது."

"நின்னுருமா?"

"நிக்காம எங்க போகும்?"

கணக்கு டீச்சர் அல்லவா, அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுப்பாடம் செய்யாமல் காரணம் சொல்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. பிறகு ஜெனியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மகள் திரும்பி ஜெர்மனில் எனக்கு டாட்டா சொன்னாள்.

2

குமிழி என்றதும் சோப்பு நுரையை நினைத்துவிடாதீர்கள். என் மச்சான் அப்படித்தான் நினைத்தார். ஸ்டெல்லாவின் அண்ணன் அருளானந்து, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். தக்காளி, முருங்கை, சின்ன வெங்காயம் எல்லாம் அவர் கை பட்டுத்தான் கேரளாவுக்கு லாரி ஏறும். பிறந்தது திண்டுக்கல் டவுன் என்றாலும் கடை வைத்த நாளிலிருந்து அவர் பேச்சில் மேற்கத்திக்காற்று அடிக்கிறது. கோபத்தில்கூட மரியாதையாகத்தான் திட்டுவார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் பசையைத் தடவி ஒரு கருவியை வைத்து நகர்த்துவார்களே, அது நம் காதுக்கு எட்டாத ஓர் ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியைப் படமாக்குகிறது. அந்தப் படத்தில் ரத்தம் இருக்கிற இடம் கறுப்பாக, ஒன்றுமே இல்லாததுபோலத் தெரியும். அந்த ரத்தத்தில் நுண்ணிய வாயுக் குமிழிகளை விட்டால் அவை ஒலிபட்டு அதிர்ந்து பளிச்சென்று மின்னும். சிவப்பணுவைவிடச் சிறிய குமிழிகள். மேலே மெல்லிய ஓடு. அந்த ஓட்டில் மருந்தை ஏற்றி அனுப்பினால், கட்டி இருக்கிற இடத்துக்குப் போனதும் ஒலியைக் கொஞ்சம் கூட்டி உடைத்து, மருந்தை அங்கேயே இறக்கிவிடலாம். உடம்பின் மற்ற பாகங்கள் சும்மா அடிவாங்க வேண்டியதில்லை.

"நல்ல ரோசனைதானுங்க மாப்ள," என்றார் மச்சான். "ஆனா நம்ம ஆசுபத்திரில நர்ஸம்மா ஊசிய மேல தூக்கிச் சுண்டிச் சுண்டிக் காத்த வெளிய எடுக்குது. ஏன்னு கேட்டா, காத்து உள்ள போனா ஆளு காலிங்குது. நீங்க என்னடான்னா காத்தையே மருந்துன்னு ஏத்தறேங்கறீங்க. ஆளு பொழைப்பானுங்களா?"

"அது பெரிய காத்து மச்சான். இது பொடிக்காத்து."

"அப்பச் சரி. அப்பறம் என்ன பிரச்சன, அனுப்ப வேண்டியதுதானுங்களே?"

பிரச்சனை உடம்புதான். ஈரலிலும் மண்ணீரலிலும் துப்புரவு வேலை பார்க்கிற அணுக்கள் இருக்கின்றன. தெரியாத ஆள் யார் உள்ளே வந்தாலும் விழுங்கிவிடும். என் போன்றவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கிற அலுவலகங்களுக்கு உடம்புக்குள்ளேயும் கிளை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குமிழி உருண்டையாக இருந்தால் விழுங்குவது அவற்றுக்குச் சுலபம், எந்தப் பக்கம் வாய்வைத்தாலும் ஒன்றுதான். நீளமாக இருந்தால் வாய்க்கு அடங்காமல் திணறும். அந்த இடைவெளியில் குமிழி உடம்பை இன்னும் சில சுற்று வந்துவிடும், ரத்தக்குழாயின் சுவரோடு நீளவாக்கில் நன்றாக ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஆகவே உருண்டைக் குமிழியை நீளக் குமிழியாக்க வேண்டும். அதுதான் என் வேலை.

போனில் பின்னால் யாரோ வெண்டைக்காய்க்கு ஏலம் கூவுவது கேட்டது.

"ஏனுங்க மாப்ள, தக்காளிய முருங்கக்காயாக்கறதுக்கா அந்த ஊருக் கவருமெண்டு உங்களுக்குச் சம்பளங் குடுக்குது?"

"ஆமா மச்சான்."

"நல்ல கவருமெண்டுங்க," என்றார்.

3

செய்முறை கேட்பதற்கு எளிது. பாலித்தீன் தாள் போன்ற, ஆனால் நீரில் கரைகிற ஒரு தாளில் குமிழிகளைப் புதைக்க வேண்டும். தாளை இரண்டு பக்கமும் கவ்வியில் பிடித்து, இளஞ்சூட்டில் மெல்ல இழுக்க வேண்டும். தாளோடு சேர்ந்து உள்ளே இருக்கிற குமிழியும் நீளும். இழுத்த நிலையிலேயே ஆறவிட்டு, பிறகு தாளைக் கரைத்துவிட்டால் நீளக் குமிழிகள் மட்டும் மிஞ்சும். மிஞ்ச வேண்டும். எனக்கு என்ன மிஞ்சியது என்றால், ஒன்று வெடித்த குமிழி, அல்லது தாளைவிட்டு வந்ததும் உருண்டையான குமிழி. இயற்கைக்கு உருண்டை பிடிக்கும். மழைத்துளியிலிருந்து என் வயிறுவரைக்கும் அதற்கு ஒரே ரசனைதான்.

ஆய்வகத்தில் எனக்குத் துணை ஹெல்கா அம்மா. மூத்த டெக்னீஷியன், ஓய்வுக்குச் சில வருடங்களே பாக்கி. 'அம்மா' என்பது நானாக மனதுக்குள் ஒட்டிக்கொண்டது. வாய்விட்டுச் சொல்ல ஜெர்மனில் வழியில்லை. அங்கே வயதானவரை அக்கா, அத்தை, மதினி என்று எதுவும் கூப்பிட முடியாது. பெயர் இருக்கிறது, நீ இருக்கிறது, நீங்கள் இருக்கிறது. அவ்வளவுதான் சரக்கு. நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவர் கையை நீட்டி, இனிமேல் என்னை 'நீ' என்றே சொல்லலாம் என்றார். அது அங்கே பெரிய அன்பளிப்பு. கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே 'நீங்கள்' என்றேன். என் தாய் வயதுள்ள பெண்ணை நீ, வா, போ என்றால் என் முதுகில் திண்டுக்கல்லிலிருந்து ஒரு கை நீண்டு வந்து அறைந்துவிடும் போலிருந்தது. மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் அதைத் தள்ளிவைத்தல் என்று எடுத்துக்கொண்டார். அப்புறம் பல மாதம் காலை வணக்கம்கூட அளந்துதான் கிடைத்தது. ஒருநாள் விளக்கினேன். சிரித்தார். சிரித்த பிறகும் என்னால் 'நீ' வரவில்லை. இருவரும் பெயரே சொல்லாமல், ஆளைக் குறிக்காமல் பேசப் பழகிக்கொண்டோம். "இந்தத் தாள் காய்ந்துவிட்டதா?" "காய்ந்துவிட்டது."

சனி ஞாயிறுகளில் அந்தப் பேச்சும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டிடத்தில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, சத்தமே கூடாது. எனக்கு அந்த விதியை மீற வாய்ப்பே இல்லை. சத்தம் போட ஆள் வேண்டாமா? ஞாயிறு மதியம் ஊருக்குப் போடுகிற போனை விட்டால், வெள்ளிக்கிழமை மாலை கடைக்காரப் பெண்ணிடம் நன்றி சொன்னதுதான் கடைசிப் பேச்சாக இருக்கும். திங்கட்கிழமை காலை முதல் வணக்கம் தொண்டையில் சிக்கிக்கொண்டு, மோட்டாரில் தண்ணீர் ஏறுவதற்கு முன் வருகிற வெறுங்காற்றுபோல ஒரு சத்தம்தான் வரும். சளி பிடித்திருக்கிறதா என்று ஹெல்கா அம்மா கேட்பார். ஆமாம் என்பேன். எல்லாத் திங்கட்கிழமையும் எனக்குச் சளி.

4

வெளிநாடு போன நம்மவர்கள் எழுதுகிற எல்லாவற்றிலும் ஓர் அழுகை இருக்கும். பிள்ளைகள் தமிழை மறந்துவிட்டார்கள், ஆங்கிலத்தில் கனவு காண்கிறார்கள், தோசைக்கு ஜாம் கேட்கிறார்கள் என்று. என் கதையில் அது தலைகீழ். என் மகள் ஜெர்மனை மறந்துவிட்டாள்.

ஊருக்குப் போன முதல் வருடம், ஞாயிறு மதியம் நான் போன் கார்டைச் சுரண்டி எண்களை எல்லாம் அழுத்தி ஊருக்குப் பேசினால், போனில் பாதி ஜெர்மன், பாதி தமிழ் வரும். அடுத்த வருடம் எண்களும் நிறங்களும் மட்டும் மிஞ்சின. இப்போது ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாகத் தெருவின் பேச்சு முழுதாக வந்துவிட்டது. நான் ஆசையாக ஜெர்மனில் "எப்படி இருக்கிறாய் என் செல்லமே?" என்று கேட்டால், ஒருநாள் அவள் அம்மாவைக் கூப்பிட்டு, "யம்மா, அப்பா என்னமோ பேசுறாங்க, என்னன்னு கேளு," என்று போனை நீட்டிவிட்டாள்.

தமிழிலும் எங்களுக்குள் பேச்சு வளரவில்லை.

"நல்லாருக்கியா தாயி?"

"ம். நல்லாருக்கேன்."

"சாப்டியா?"

"சாப்டேன்."

"ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. அம்மாட்ட குடுக்கவா?"

குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை வருகிற ஒரு சத்தம். வருடத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து, சாக்லேட் கொடுத்து, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, மருந்து சாப்பிட்டு, பெட்டியோடு போய்விடுகிற ஓர் ஆள். போன தடவை நான் கிளம்பும்போது அவள் அழவில்லை. பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தவள், ஆட்டோ சத்தம் கேட்டு எட்டிப்பார்த்துக் கையசைத்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டாள். ஸ்டெல்லாதான் ஏதோ தப்புச் செய்தவள்போல, "அவளுக்கு வெளாட்டுப் புத்தி," என்றாள்.

அந்த ஜெனிக்கு வருகிற மே மாதம் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுதிரி. கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் நடக்கிற பெரிய விசேஷம் அதுதான். அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் நின்று பீடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

"அப்பா எடத்துல மாமா நிப்பாங்களான்னு மறைக்கல்வி டீச்சர் கேட்டாங்க," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனி சொன்னாள்.

"நீ என்ன சொன்ன?"

"கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

5

பிப்ரவரியில் குமிழி நின்றது.

ஓட்டுக்கான கலவையை மாற்றியிருந்தேன். தாளை வழக்கத்தைவிட மெதுவாக இழுத்து, இழுத்தபடியே குளிரவைத்து, குளிர்ந்த தண்ணீரிலேயே கரைத்தேன். ஒரு சொட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், கண்ணாடி முழுக்கச் சீரகச் சம்பா அரிசியை இறைத்துவிட்டதுபோல இருந்தது. நீளநீளமாக, ஒரே அளவாக, உள்ளே வாயுவோடு. மறுநாள் பார்த்தேன், அப்படியே இருந்தன. வாரக் கடைசியிலும் அப்படியே. நான் அந்த அறையில் தனியாக ஆடினேன். என் ஆட்டத்தை யாரும் பார்க்காதது ஜெர்மனியின் அதிர்ஷ்டம்.

ஞாயிறு மதியம்வரை பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமையே போன் போட்டேன்.

"ஸ்டெல்லா, நின்னுருச்சு!"

"எது?"

"குமிழி! நீளமா நின்னுருச்சு! நம்ம பிரியாணி அரிசி மாதிரி!"

"நெசமாவா?"

"நெசமா."

"செத்த இருங்க, வெஞ்சனம் அடுப்புல இருக்கு."

போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் என் பேச்சுக்காக அவள் அடுப்பை அணைத்தது அதுதான் முதல் தடவை. வழக்கமாக என் பேச்சு ஒரு கரண்டிச் சத்தத்தோடுதான் ஓடும்.

"அப்ப வந்துருவீங்களா?" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஏப்ரலோட ஒப்பந்தம் முடியுது. மே மாசம் பாப்பா பக்கத்துல நான்தான் நிப்பேன். டீச்சர்ட்ட சொல்லிரச் சொல்லு."

ஒரு விஞ்ஞானி செய்யக்கூடாத காரியம் இது. இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. அதைச் செய்துவிட்டுத்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் விஞ்ஞானிகளுக்கும் வாய் உண்டு, சனிக்கிழமை உண்டு.

அடுத்த ஞாயிறு ஸ்டெல்லா ரொம்பச் சாதாரணமாக ஒரு சேதி சொன்னாள். எங்கள் வீடுகளில் கேட்டது கிடைத்துவிட்டால் தாமதிக்காமல் நன்றிப் பூசை வைத்துவிடுவார்கள். எதற்காகப் பூசை என்று கருத்து எழுதிக் கொடுத்தால் சாமியார் மைக்கில் வாசிப்பார். அன்று காலை இரண்டாம் பூசையில், "ஜெர்மனியில் பணிபுரியும் பிரான்சிஸ் அவர்களின் ஆராய்ச்சி வெற்றியடைந்தமைக்காக இறைவனுக்கு நன்றியாகக் குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் திருப்பலி" என்று வாசித்தாயிற்று. அதோடு விட்டாரா சாமியார்? ஒரு காற்றுக் குமிழியைக்கூட நீட்டித் தர வல்லவர் நம் ஆண்டவர் என்று பிரசங்கத்தையும் அதிலேயே நடத்தியிருக்கிறார். பூசை முடிந்து மச்சான் தெருவுக்கே பிரியாணி போட்டிருக்கிறார்.

6

ஏற்கெனவே சொன்னேன், படித்த முட்டாள் என்று. சாட்சியம் இதோ.

மார்ச் முதல் வாரம் நான் வேலையில் சேர்ந்த ஆண்டு நிறைவு. அங்கே ஒரு விசித்திரம் உண்டு. யாருக்கு விசேஷமோ அவர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுபோக வேண்டும். முதல் வருடம் அது தெரியாமல், என்னை வாழ்த்தக் கேக்கோடு வருவார்கள் என்று நாள் முழுக்க முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களும் நான் எப்போது எடுத்து வைப்பேன் என்று காத்திருந்திருக்கிறார்கள். சாயங்காலம் எல்லோரும் பசியோடு வீட்டுக்குப் போனோம். இந்தத் தடவை விவரமாகிவிட்டதால், ஆண்டு நிறைவுக்கும் குமிழி வெற்றிக்கும் சேர்த்துப் பெரிய செர்ரிக் கேக்காகவே சுமந்துகொண்டு போனேன்.

கேக்கைக் கடித்தபடி ஹெல்கா அம்மா கேட்டார்: "உடம்புச் சூட்டில் வைத்துப் பார்த்தாகிவிட்டதா?"

அதுதான் பாக்கி இருந்த சோதனை. இன்றைக்குச் செய்யலாம் என்று நானே எழுதி வைத்திருந்ததுதான். "இதோ," என்று எழுந்தேன். ஒரு குப்பியை உடம்புச் சூட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினேன். கேக் மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு சொட்டைப் பார்த்தேன்.

உருண்டை.

இன்னொரு குப்பி. உருண்டை. கண்ணெதிரே பார்க்கலாம் என்று கண்ணாடியையே சூடாக்கும் தட்டில் வைத்துக் குனிந்தேன். அரிசி அரிசியாக இருந்தவை சூடு ஏற ஏற வயிறு பெருத்து, நுனி மழுங்கி, ஒன்றன்பின் ஒன்றாக உருண்டையாகி உட்கார்ந்தன. இழுத்தபோது ஓட்டுக்குள் சிக்கியிருந்த விறைப்பு, சூடு பட்டதும் தளர்ந்து பழைய உருவத்துக்கே போய்விடுகிறது. குளிரில் இருக்கிறவரை நீளம், மனித உடம்புக்குள் போனால் உருண்டை. நானோ மனித உடம்புக்காகத்தான் அதைச் செய்துகொண்டிருந்தேன்.

தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற ஊரில் பிறந்தவன், சூடு என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன். இதை வைத்து நீங்கள் ஏதாவது தத்துவம் யோசித்தால் என் பெயரைச் சேர்க்க வேண்டாம். எனக்கு அந்த நேரம் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: நன்றிப் பூசையை எப்படித் திரும்ப வாங்குவது?

ஹெல்கா அம்மா என் தோள்மேலாகக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். என் தட்டில் இன்னொரு துண்டு கேக்கை வைத்துவிட்டுப் போனார்.

7

பேராசிரியர் நல்ல மனிதர். தோல்வியைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. எங்கே தவறு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, சூட்டுக்கு அசையாத ஓடு ஒன்றைத் தேடு, ஒரு வருடம் நீட்டித் தருகிறேன் என்றார். குமிழியை நீட்டத் தெரியாதவனுக்கு ஒப்பந்தத்தை நீட்டித் தருகிற பெருந்தன்மை.

ஒப்பந்தம் நீண்டால் குடியிருப்பு அனுமதியும் நீள வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். சீட்டு எடுத்து, ஏப்பம்கூடச் சத்தமில்லாமல் விடுகிற ஒரு கூட்டத்தோடு காத்திருந்து, ஓர் அம்மையார் முன் உட்கார்ந்தேன். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்வரை ஒரு தற்காலிகத் தாள் தருவார்கள். அந்தத் தாளுக்கு அவர்கள் சூட்டியிருக்கிற பெயரை அப்படியே தமிழாக்கினால் 'புனைவுச் சான்று' என்று வரும். நான் அங்கே இருப்பதாகப் பாவித்துக்கொள்வார்களாம். எனக்கும் பல நாளாக அப்படித்தான் இருந்தது.

"மே மாதம் ஊருக்குப் போய் வரலாமா? மகளுக்கு ஒரு விசேஷம்."

"அனுமதி அதற்குள் வராது. இந்தத் தாளோடு போகலாம். திரும்பி உள்ளே விடுவார்களா என்பதற்கு நான் பொறுப்பேற்க முடியாது."

"நீங்களாக இருந்தால் போவீர்களா?"

அம்மையார் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "எனக்கு விசா தேவையில்லை," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, நேர்மையாகச் சொன்னார்.

ஆக இதுதான் கணக்கு. இருந்தால் வேலை உண்டு, குமிழியை இன்னொரு தடவை பிடித்துப் பார்க்கலாம், ஆனால் மகள் பக்கத்தில் அவள் மாமாதான் நிற்பார். போனால் வேலை இல்லை, குமிழி இல்லை, ஊர்க் கல்லூரி எதிலாவது தற்காலிக விரிவுரையாளராக உட்கார வேண்டும். அதுவும் பரவாயில்லை. ஆண்டவருக்கே நன்றி சொல்லி முடித்துவிட்ட ஒரு பங்குக் கோயில் சனத்தின் முன்னால், அந்த வெற்றி வெந்நீரில் கரைந்துபோனதை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இரண்டு ஞாயிறுகள் எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். மூன்றாவது ஞாயிறு மச்சான் வந்து போனை வாங்கினார்.

"மாப்ள, சாமி சொல்லிட்டாருங்க. புதுநன்மை அன்னைக்குப் பூசை முடிஞ்சதும் உங்களுக்குப் பொன்னாட. நாலு வார்த்த பேசணுமாம்."

"என்ன பேசுறது மச்சான்?"

"குமிழிய எப்படி நீட்டுனீங்கன்னுதான். சுருக்காப் பேசுங்க, எல்லாரும் பசியில இருப்பாங்க."

8

போன ஞாயிறு சொல்லிவிட்டேன். கார்டில் நிமிடம் தாராளமாக இருந்தது. சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"ஸ்டெல்லா, குமிழி உருண்டையாயிருச்சு."

"எந்தக் குமிழி?"

"எல்லாக் குமிழியும். குளுருல நீளமா இருக்கு. உடம்புச் சூட்டுல வச்சா உருண்டையாயிருது. நான் அதப் பாக்குறதுக்கு முன்னாடி உங்கிட்டச் சொல்லிட்டேன்."

தெருவில் குல்ஃபி வண்டி மணி போய்க்கொண்டிருந்தது போனில் கேட்டது.

"அப்ப பூசை?"

"பூசைக்கு ஒண்ணும் வராது. குளுருல நீளமாத்தான இருக்கு? அந்த மட்டுக்கும் சொன்ன நன்றின்னு வச்சுக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காதபோதுதான் என் வாய் இன்னும் வேகமாக ஓடும். பேராசிரியரைச் சொன்னேன், புனைவுச் சான்றைச் சொன்னேன், ஒரு வருடம், ஒரே ஒரு வருடம், சூட்டுக்கு அசையாத ஓடு, அடுத்த மே மாதம் பொன்னாடையை நானே வாங்கி வருகிறேன் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு ஸ்டெல்லா, பிள்ளைகளுக்குக் கணக்கை முதல் வரியிலிருந்து போட்டுக் காட்டுகிற குரலில் சொன்னாள்:

"ஏங்க, குமிழி நின்னா வாரேன்னு சொன்னது நீங்க. நான் என்னைக்காச்சும் குமிழியக் கேட்டேனா?"

நான் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமை, ஒரு நாய்கூடக் குரைக்காமல் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அவள் கேட்டதில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்தப் பூசைக் கருத்தில் ஆராய்ச்சி என்று வாசித்தார்களே, அதை அவள் எழுதிக் கொடுத்தபோது எதற்கு நன்றி சொன்னாள் என்பது இவ்வளவு தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது.

"வாரேன் ஸ்டெல்லா," என்றேன். "நாளைக்குப் பேராசிரியர்ட்ட சொல்லிர்றேன். ஏப்ரல் கடைசிக்கு டிக்கெட் போட்டுர்றேன். உருண்டையோடதான் வாரேன்."

"பங்குல கேட்டா?"

"நானே சொல்றேன். அந்தப் பொன்னாடைய மச்சானுக்குப் போத்தச் சொல்லு. பிரியாணி போட்டவரு அவருதான்."

இப்போது ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் சேர்ந்து வந்ததால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"பாப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க," என்றாள். "நான் சொன்னா நம்ப மாட்டா."

ஜெனியைக் கூப்பிடுவது கேட்டது. மாடிப்படியில் ஓடி வருகிற காலடி, போன் கை மாறுகிற கரகரப்பு, ஓடி வந்த மூச்சு.

"தாயி, அப்பா வாரேன். உன் புதுநன்மைக்கு வந்துருவேன். அப்பா பக்கம் நான்தான் நிப்பேன், டீச்சர்ட்ட சொல்லிரு. அப்பறம் இங்கிட்டு வரவே மாட்டேன். உங்கூடவே, அம்மாகூடவே இருந்துருவேன். தெனமும் ஸ்கூல்ல கொண்டுபோய் விடுவேன். என்ன, சந்தோசமா?"

அத்தை வீட்டிலிருந்து விருந்தாளி வருகிறார் என்றால் கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"எத்தன நாளைக்கு?"